சத்து மாத்திரை

ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது ஏசுவடியாள் டீச்சருக்குத் தகவல் வந்தது. சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் தம்பி ஜஸ்டஸ், வகுப்பில் படம் வரைந்துகொண்டிருந்தவன், கரும்பலகைக்கு முன்னாலேயே சரிந்துவிட்டான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிவிட்டது. பேச்சு இல்லை. தகவல் கொண்டுவந்த ஆளிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஏசுவடியாள் சிவகிரி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். பங்குனி வெயிலில் பாதி தூரம் போய்க் கால் சுட்ட பிறகுதான் செருப்பை வகுப்பு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்து வருவதற்குள் ஒரு பஸ் போய்விட்டது.

அது 1983ஆம் வருஷம். ஏசுவடியாளுக்கு ஐம்பத்தைந்து வயது, பிள்ளையில்லாத விதவை. தம்பிக்கும் அவளுக்கும் ஏழு வயது வித்தியாசம். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

ஆவுடையப்பன் டாக்டருடைய ஆஸ்பத்திரியில் மொத்தமே எட்டுக் கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஜஸ்டஸ் கிடந்தான். கண் திறந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, சொல்லாகவில்லை. தலைமாட்டில் அவன் மனைவி ஜெயபாய் விசிறிக்கொண்டிருந்தாள். மகள் இன்பம் அழுது முடித்த முகத்தோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். மூளைக்குப் போகிற குழாய் அடைத்திருக்க வேண்டும், அல்லது வெடித்து ரத்தம் கசிந்திருக்க வேண்டும். எது என்று படம் எடுத்துப் பார்க்கிற மெஷினுக்கு மெட்ராசுக்குத்தான் போக வேண்டும். இந்த நிலையில் அசைக்க முடியாது. பிறகு காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

"ஒண்ணும் கிடையாது டாக்டர். ராத்திரி ஒரு சத்து மாத்திரை மட்டும் போடுவாக" என்றாள் ஜெயபாய். "மதினிதான் வாங்கிட்டு வந்து குடுப்பாக."

சத்து மாத்திரை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். ஏசுவடியாள் தண்ணீர்க் கூஜாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

அது சத்து மாத்திரை அல்ல. வலிப்பு மாத்திரை.

ஜஸ்டசுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ராயகிரியில் இருந்த காலத்தில் தெருவில், கிணற்றடியில், ஒருமுறை கோவில் ஆராதனை நடுவில் கூட விழுந்திருக்கிறான். கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், உபவாச ஜெபம் செய்தார்கள். கடைசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரைதான் பிடித்தது. இருபத்துநாலு வயதுக்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. அந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று அந்த டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பெண் பார்க்க ஆரம்பித்தபோது அப்பா ஏசுவடியாளைக் கூப்பிட்டு, இது வெளியே தெரிந்தால் அவனுக்கு எவனும் பெண் கொடுக்கமாட்டான், உன் வாயால் போகக் கூடாது என்று வேதப் புத்தகத்தின் மேல் கைவைக்கச் சொன்னார். அவளும் வைத்தாள். அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை ராஜபாளையத்தில் மாத்திரை வாங்கி, உறையைப் பிரித்து, ஒரு வெறும் டப்பாவில் போட்டு, சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். இருபத்துமூன்று வருஷம்.

இப்போது சொல்லிவிட்டால் என்ன என்று முதல் நாளே தோன்றியது. ஆனால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இன்பம் நின்றுகொண்டிருந்தாள். பனவடலிசத்திரத்துச் சுந்தரராஜின் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்து கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். வலிப்புக்காரன் மகள் என்று ஒரு சொல் வந்துவிட்டால் எல்லாம் போச்சு. இத்தனை வருஷம் வராதது இரண்டு நாள் மாத்திரை விட்டாலா வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போவாள், திரும்பி வருவாள், தம்பியின் வலது கையைத் தொட்டுப் பார்ப்பாள், மறுபடியும் போவாள். நர்ஸ் சீனியம்மாள், டீச்சர் நீங்க நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது என்றே சொல்லிவிட்டாள்.

இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்கத் தம்பி வீட்டுக்குப் போனவள், அலமாரியில் இருந்த டப்பாவிலிருந்து நாலு மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் ஜெயபாய் குளிக்கப் போயிருந்தாள். இன்பம் காபி வாங்கப் போயிருந்தாள். ஏசுவடியாள் ஒரு மாத்திரையைக் கரண்டியில் நசுக்கித் தண்ணீர் விட்டுக் குழைத்து, தம்பியின் தலையை நிமிர்த்தி வாயில் ஊற்றினாள். ஜஸ்டஸ் அவளையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. விழுங்கத்தான் பார்த்தான். ஆனால் பாதித் தொண்டை செத்துக் கிடந்தது. புரையேறி, முகம் கறுத்து, கண்ணில் நீர் முட்ட இருமினான். வந்ததெல்லாம் கடைவாய் வழியாகத் தலையணையில் வழிந்தது. சீனியம்மாள் ஓடிவந்து அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

"என்ன குடுத்தீய?"

"தண்ணி. நாக்கு காஞ்சு கெடந்துச்சு."

வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும், அதற்குத்தானே மூக்கில் குழாய் போட்டிருக்கிறது என்று சீனியம்மாள் கோபித்துக்கொண்டாள். ஏசுவடியாள் கரண்டியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு மணிக்குச் சுந்தரராஜ் மனைவியோடு பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சுப் பழம், ஜெபம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஜெயபாய் சத்தமாக, "கை அசையுது, பாருங்க, கை அசையுது" என்றாள். மூன்று நாளாக மரக்கட்டை மாதிரி கிடந்த வலது கையில் விரல்கள் துடித்தன. ஜெயபாய் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சுந்தரராஜ் ஸ்தோத்திரம் என்றார். ஏசுவடியாள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் துடிப்பை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். துடிப்பு முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது, கோணிய வாய் இன்னும் கோணி இழுத்தது. பிறகு உடம்பு முழுவதும் கட்டிலோடு சேர்ந்து உதறியது.

டாக்டர் வந்து நரம்பில் ஊசி போட்ட பிறகு அடங்கியது. அவர் வராந்தாவுக்கு வந்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். சுந்தரராஜும் கூடவே வந்து நின்றார்.

"வாதம் வந்தவங்கள்ல கொஞ்சப் பேருக்கு இப்படி வலிப்பு வரும்" என்றார் டாக்டர். "ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும். உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா வரும். மூளையோட மேற்புறத்துல அடிபட்டிருந்தா வரும். உடம்புல உப்போ சர்க்கரையோ கொறஞ்சா வரும், காய்ச்சல் அடிச்சா வரும். தெனம் குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா வரும். முன்னாலயே வலிப்பு இருந்தவனுக்கு வரும். சர்க்கரை பாத்துட்டேன், சரியா இருக்கு. நீங்க சொல்லுங்க, இதுக்கு முந்தி எப்பமாவது வந்திருக்கா?"

இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை என்றாள் ஜெயபாய். டாக்டர் ஏசுவடியாள் பக்கம் திரும்பினார்.

"சின்ன வயசுல?"

சுந்தரராஜ் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றாள் ஏசுவடியாள். யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு இரண்டாவது தடவை வந்தது. ஊசிக்கு அடங்கியது. இரண்டு மணிக்கு மூன்றாவது. இந்தமுறை அடங்க வெகுநேரம் ஆனது, அடங்கிய பிறகும் ஜஸ்டஸ் கண் திறக்கவில்லை. வேறு காரணம் எதுவும் தெரியாததால் உள்ளே ரத்தம் இன்னும் கசிகிறதோ என்று பயப்படுவதாக டாக்டர் சொன்னார். பாளையங்கோட்டைக்கு அனுப்பலாம், ஆனால் வலிப்பு நிற்காமல் வேனில் ஏற்றினால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும். வரவேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்றார். ஜெயபாய் மகளைக் கூப்பிட்டு, சபைக் குருவானவரைக் கையோடு கூட்டி வரச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் ஏசுவடியாளுக்குத் தாங்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாமலே கால் போனது. தேரடியைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தாள். சிவகிரி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். யாராவது ஆள் வந்து, முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது. நினைப்பு இதுவரை ஓடியபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. தம்பி சாகட்டும் என்றா உட்கார்ந்திருக்கிறோம்?

கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார். அவள் எழுந்தாள். வண்டி எடுக்கப் போகுது டீச்சர், உட்காருங்க என்றார் அவர். அவரைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

டாக்டர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஏசுவடியாள் கதவைத் தட்டாமல் உள்ளே போய், கைக்குட்டையை அவிழ்த்து மூன்று மாத்திரைகளை மேஜைமேல் வைத்தாள்.

"இத அவன் இருவத்தஞ்சு வருசமா தின்னுதான். வலிப்புக்கு. இங்க வந்தன்னையிலேர்ந்து குடுக்கல."

டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், கடைசியாக எப்போது, வேறு ஏதாவது கூடச் சாப்பிட்டாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். காலையில் கரண்டியில் கொடுக்கப் பார்த்ததையும் சொன்னாள். அவர் கை கழுவிவிட்டு எழுந்தார்.

"இந்த மருந்த வருசக்கணக்கா சாப்பிட்டவருக்குத் திடீர்னு நிறுத்தினா, வாதமே வராட்டாலும் வலிப்பு வரும்மா. இங்க ரெண்டும் சேந்து கெடக்கு. காலையில நான் கேட்டேன்லா?"

"கேட்டீய."

டாக்டர் சீனியம்மாளைக் கூப்பிட்டு அந்த மருந்தையே ஊசியாகப் போடவும், ராத்திரியிலிருந்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். ஜஸ்டஸின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். வெளியே வரும்போது, அந்தம்மாவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றாள் ஏசுவடியாள்.

ஜெயபாய் பின்பக்கத்துக் குழாயடியில் கணவனின் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். ஏசுவடியாள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை ஜெயபாய் அலசுவதை நிறுத்தவில்லை. பிறகு குழாயை மூடினாள்.

"அவுக மறந்து படுத்தாலும், அக்கா ஆசையா வாங்கிட்டு வந்ததாச்சேன்னு நானே எழுப்பிக் குடுத்திருக்கேன் மதினி. என்ன மாத்திரைன்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே பேரச் சொல்லியிருக்க மாட்டேனா?"

ஏசுவடியாள், "அப்பம் சொல்லியிருந்தா நீ அவனக் கட்டியிருப்பியா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றாள் ஜெயபாய். "அந்தப் பதில நான்லா சொல்லியிருக்கணும். எனக்காக நீங்களும் மாமாவும் சொல்லிட்டீய."

வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ஐந்து மணிக்கு இன்னொரு தடவை வந்தது. கை மட்டும் கொஞ்சம் துடித்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் வரவில்லை. ஆனால் மறுநாள் காய்ச்சல் அடித்தது. நுரையீரலில் சளி கட்டியிருப்பதாக டாக்டர் சொன்னபோது ஏசுவடியாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலினாலும் வலிப்பு வரலாம் என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. நாலு நாள் ஈரத்துணியும் கையுமாகக் கட்டிலை விட்டு நகராமல் நின்றாள். அவன் ஒரு விரலை அசைத்தாலும் குனிந்து பார்த்தாள். பென்சிலின் ஊசியில் காய்ச்சல் இறங்கியது. ஜஸ்டஸ் கண் விழித்தான். ஜெயபாய் மாத்திரை டப்பாவை அவன் முன்னால் பிடித்துக் காட்டினாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். இடது கை அவள் கையைத் தேடியது. அவள் கொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கொடுத்தாள்.

சுந்தரராஜ் மறுபடியும் பார்க்க வந்தபோது ஜெயபாய் அவரை வராந்தாவில் உட்காரவைத்தாள். ஏசுவடியாளுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். ஜெயபாய் தலைப்பை விடுவித்துக்கொண்டாள். கணவனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, தனக்கே போன வாரம்தான் தெரியும், மகளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை, டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நிதானமாகச் சொன்னாள். "எனக்குச் சொல்லாதத நான் உங்க மகனுக்கும் சொல்லாம இருக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி" என்றாள்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். டாக்டரையும் போய்ப் பார்த்தார். இந்த மாதிரி வியாதி தகப்பனுக்கு இருந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்பதில்லை என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் கடிதம் வந்தது. தேவ சித்தம் வேறாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று நாலே வரி.

இன்பம் அதை இரண்டு தடவை படித்தாள். ஏசுவடியாள், என்னாலதான் மக்கா என்று ஆரம்பித்தாள். இன்பம் அவளைப் பேசவிடவில்லை.

"சின்னப் பிள்ளையில நானும் ஒரு சத்து மாத்திரை கேட்டேன் அத்தை. ஞாபகம் இருக்கா? கையில ஓங்கி அடிச்சீய. அன்னைக்கு முழுக்க அழுதேன், அத்தைக்கு எம் மேல பாசமே இல்லன்னு."

ஏசுவடியாளுக்கு ஞாபகம் இருந்தது. மாலை பஸ்ஸில் சிவகிரிக்குப் போய்விட்டாள். முதல் சனிக்கிழமை வந்தது, அவள் போகவில்லை. மாத்திரையை இப்போது ஜெயபாயே டாக்டர் சீட்டோடு கடையில் வாங்குவதாகக் கேள்விப்பட்டாள். மூன்று மாதம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கிடந்தாள். தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலுக்கு வருவாள். சோறு வடித்து ஆறவிட்டுச் சாப்பிட மறந்துவிடுவாள்.

ஜூன் கடைசியில் ஒரு கார்டு வந்தது. ஜெயபாய் கையெழுத்து. மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன்னால் டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்கிறார், உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வரவும்.

ஜஸ்டஸ் கம்பு ஊன்றி நடந்து வந்திருந்தான். வலது கை இன்னும் மடங்கியே இருந்தது. ஐந்தாறு சொற்கள் வந்துவிட்டதாகவும் இடது கையால் கோடு போட்டுப் பழகுவதாகவும் இன்பம் சொன்னாள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அத்தையிடம் முகம் கொடுத்துத்தான் பேசினாள், ஆனால் பழைய மாதிரி பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, முதல் தடவை எப்போது என்று கேட்டார். ஏசுவடியாள் தம்பியைப் பார்த்தாள். அவன் முன்னால் இதை அவள் பேசியதே கிடையாது. அவன் கம்பை இடது கையில் இறுக்கிக்கொண்டு, "சொல்லு" என்றான். அவள் தயங்கினாள். "அக்கா, சொல்லு."

ஒன்பது வயதில், ராயகிரியில், பருத்திக் காட்டில் வைத்து என்று ஆரம்பித்தாள். காய்ச்சலோடு வந்ததா, எந்தக் கை முதலில் துடித்தது, எத்தனை நேரம், பிறகு தூங்கினானா. டாக்டர் கேட்கக் கேட்கச் சொன்னாள். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது எல்லாம் தேதிவாரியாக அவளுக்குள் இருந்தது. கோவிலில் விழுந்தது, கிணற்றடியில் விழுந்தது, பயிற்சிப் பள்ளி விடுதியிலிருந்து திருப்பி அனுப்பியது. அரைமணி நேரம் கழித்து டாக்டர் எழுதியதை மடித்து வைத்தபோது ஜெயபாய்தான் கேட்டாள்.

"கல்யாணத்தன்னைக்குக் கோவில்ல எங்க ரெண்டு பேருக்கும் பின்னாலயே ஒட்டிக்கிட்டு நின்னீய. நகரச் சொல்லியும் நகரல. அதுக்குத்தானா?"

"ஆமா. விழுந்தாப் பிடிக்கணுமேன்னு."

"எங்கம்ம அன்னைக்கு, நாத்தனாருக்குத் தம்பி மேல உசுருன்னு சொன்னா."

ஏசுவடியாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயபாய் எழுந்து கணவனின் கம்பை எடுத்துக் கையில் கொடுத்து, மெதுவாக அவனை நிமிர்த்தினாள். வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க மதினி. சிவகிரிக்கு மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."